கோரை விதை எதற்காகக் காத்திருக்கிறது? நாற்றங்கால் தொடங்குபவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஏரி சீரமைப்பில் இறங்கும் இளைஞர் குழுக்களை இப்போது பல ஊர்களில் பார்க்கலாம். முதலில் பனங்கொட்டை ஊன்றுவார்கள். அப்புறம் கரை மேல் மரக்கன்று நடுவார்கள். கொஞ்சம் அனுபவம் வந்ததும், தண்ணீரும் கரையும் சேரும் அந்த ஓரத்தில் என்ன நடுவது என்ற கேள்வி வரும். பெரும்பாலான மரக்கன்றுகள் அங்கே தாக்குப்பிடிக்காது. கார்த்திகையில் மூழ்கும், சித்திரையில் காயும். இரண்டையும் தாங்கி மண்ணைப் பிடித்து நிற்கும் செடி கோரை. சரி, விதை போட்டு வளர்ப்போம் என்று இறங்குகிறார்கள். விதை முளைப்பதில்லை.

அதன் பிறகு ஆலோசனைகள் வந்து குவியும். ‘வெந்நீரில் ஊறப்போடு’ என்பார் ஒருவர். ‘ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் வை’ என்பார் இன்னொருவர். ‘மிதக்கிற விதையெல்லாம் பதர், கொட்டிவிடு’, ‘பசுமைக்குடிலின் சூட்டில்தான் முளைக்கும்’ என்றும் சொல்வார்கள். இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு செடிக்கு, ஏதோ ஓர் ஊருக்குச் சரியான யோசனைதான். நம்மூர்க் கோரைக்கு மட்டும் பொருந்துவதில்லை. ஏன் பொருந்தவில்லை என்று புரிந்துவிட்டால், என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்களே ஊகித்துவிடலாம். அதற்காகத்தான் இந்த விளக்கம்.

முதலில், கோரை எது?

ஏரியில் உயரமாக, நீள இலையோடு நிற்கும் எதையும் கோரை என்று சொல்லிவிடுகிறோம். பழுப்பு நிறத்தில் உருளையான பூங்கதிர் விடும் சம்பு கோரை இல்லை, அது வேறு குடும்பம். நாணலும் தர்ப்பையும் புல் வகை. வீட்டு வாசலில் தொட்டியில் வைப்பதற்காக ‘அம்பர்லா பாம்’ என்ற பெயரில் நர்சரிகளில் விற்கும் குடை வடிவச் செடி உண்மையிலேயே கோரைதான், பனை இல்லை. ஆனால் அது ஆப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. ஏரியில் விடுவதற்கு ஏற்றதல்ல.

கோரைகளின் குடும்பத்துக்குத் தாவரவியலில் சைபரேசி என்று பெயர். உலகில் சுமார் 5,500 இனங்கள் உண்டு. அடையாளம் காண ஒரு பிளேடும் பொறுமையும் போதும். தண்டை விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். பல கோரைகளில் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். ஆனால் இதை மட்டும் நம்ப வேண்டாம், உருண்டைத் தண்டுக் கோரைகளும் நம் ஏரிகளில் இருக்கின்றன. அடுத்து தண்டைக் குறுக்கே வெட்டுங்கள். புல்லின் தண்டு பெரும்பாலும் உள்ளே வெற்றாக இருக்கும், இடையிடையே கணு இருக்கும். பெரும்பாலான கோரைகளின் தண்டில் கணு தெரியாது, உள்ளே வெள்ளையாக, மெத்தென்ற சோறு நிறைந்திருக்கும். கடைசியாக, இலையின் அடிப்பகுதி தண்டைச் சுற்றியிருக்கும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலான புற்களில் அந்த உறை ஒரு பக்கம் திறந்திருக்கும், நகத்தால் பிரித்து விலக்கலாம். கோரையில் அது முழுக் குழாய். விலக்கப் பார்த்தால் கிழியும். தண்டு உருண்டையாக இருந்து குழப்பினால், உறையைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

தண்டில் இருக்கும் அந்த மெத்தென்ற பகுதி சாதாரண விஷயம் இல்லை. அதில் நுண்ணிய காற்று அறைகள் நிறைந்திருக்கின்றன. இதற்குக் காற்றறைத் திசு என்று பெயர். சேற்றில் ஆக்சிஜன் கிடைக்காது. இலையும் தண்டும் எடுக்கும் காற்று இந்த அறைகள் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. நெல் தண்ணீரில் நிற்பதும் இதே ஏற்பாட்டால்தான். வந்தவாசிக் கோரைப் பாயில் படுத்தால் தரை உறுத்தாமல் மெத்தென்று இருக்கிறதே, அதற்கும் இந்தத் திசுவே காரணம்.

ஒரு செடியால் மொத்தக் குடும்பத்துக்கும் கெட்ட பெயர்

‘கோரையை வளர்க்கப் போகிறேன்’ என்று நம் பக்கத்து விவசாயியிடம் சொன்னால் அவர் பதறுவார். அவர் மனதில் இருப்பது கோரைக்கிழங்கு, அதாவது சைபரஸ் ரோட்டண்டஸ். உலகின் மிக மோசமான களை என்று பெயர் வாங்கிய செடி அது. நிலவேம்புக் குடிநீரில் சேரும் 9 சரக்குகளில் அதன் கிழங்கும் ஒன்று என்பது வேறு விஷயம். கவனிக்க வேண்டியது, அது பரவுவது பெரும்பாலும் கிழங்கால்தான். முளைக்கும் தரமுள்ள விதையை அது அபூர்வமாகத்தான் வைக்கும். ஆகவே விதை நாற்றங்காலில் அதைப் பற்றிக் கவலைப்பட அதிகம் இல்லை. வண்டல் மண்ணோடு கிழங்கு வந்துவிடாமல் சலித்துக்கொண்டால் போதும்.

ஏரி ஓரத்துக்கு நாம் தேடுவது பாய்க்கோரையும், அதோடு சேர்ந்து வளரும் மற்ற நீர்க்கோரைகளும். பாய் நெய்பவர்களுக்காகப் பயிர் செய்கிறவர்கள் விதை போடுவதில்லை. மண்ணுக்குள் கிடையாக ஓடும் வேரடித் தண்டை வெட்டி நடுகிறார்கள். அவர்களுக்கு எல்லாத் தண்டும் ஒரே உயரம், ஒரே கனம் வேண்டும், வெட்டி நட்டால் அது கிடைக்கும். ஏரிக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். ஒரே தாய்ச்செடியின் துண்டுகளை ஏரி முழுக்க நட்டால், அதற்கு வரும் ஒரு நோய் எல்லாவற்றையும் பிடிக்கும். விதையிலிருந்து வரும் ஒவ்வொரு செடியும் கொஞ்சம் வேறுபட்டது. ஒன்று வறட்சியைக் கூடுதலாகத் தாங்கும், இன்னொன்று ஆழத்தைத் தாங்கும். விதைக்காக இவ்வளவு மெனக்கெடுவது இந்த வேறுபாட்டுக்காகவே.

விதை உறக்கம் என்றால் என்ன?

உயிரோடு இருக்கும் நல்ல விதை, ஈரம் கிடைத்தும் முளைக்காமல் இருப்பதை விதை உறக்கம் என்கிறார்கள். உறக்கம் என்றதும் சும்மா கிடக்கிறது என்று தோன்றும். உண்மையில் அது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

நம் மாவட்டத்தில் மானாவாரியாக மணிலா (நிலக்கடலை) போடும் விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் ஒரு கோடை மழை அடித்துப் பெய்கிறது, மண் நனைகிறது. அவர் உடனே விதைப்பாரா? மாட்டார். அந்த மழையை நம்பி விதைத்தால் அடுத்த இருபது நாள் வெயிலில் பயிர் கருகும் என்று அவருக்குத் தெரியும். ஆடி வரட்டும், காற்று திரும்பட்டும், மண் ஒரு முழம் நனையட்டும் என்று இருப்பார். ஓர் அறிகுறியை வைத்து அவர் முடிவெடுப்பதில்லை, இரண்டு மூன்று சேர்ந்து வர வேண்டும். சேர்ந்து வந்த பிறகும் கையிலிருக்கும் விதைக்கொட்டை முழுவதையும் ஒரே நாளில் போட்டுவிடாமல் கொஞ்சம் நிறுத்தி வைப்பவரும் உண்டு.

கோரை விதையும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. ஈரம் ஓர் அறிகுறி மட்டுமே. வெளிச்சம் வேண்டும், பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் வேண்டும். எல்லாம் சேர்ந்தாலும் ஒரே தட்டில் போட்ட விதைகளில் சில பத்து நாளில் முளைக்கும், சில ஒரு மாதம் கழித்து முளைக்கும், மீதி அடுத்த பருவத்துக்கு நிற்கும். கோழைத்தனம் என்று இதைச் சொல்ல முடியாது. ஒரு வருடம் ஏரி ஏமாற்றினாலும் வம்சம் அழியாமல் இருக்க இதுதான் வழி.

இதை உள்ளேயிருந்து நடத்துவது இரண்டு ஹார்மோன்கள். அப்சிசிக் அமிலம் ‘பொறு’ என்று தடுக்கும். ஜிபரெல்லின் ‘கிளம்பு’ என்று தள்ளும். அறிகுறிகள் கிடைக்கக் கிடைக்க முதலாவது தளர்ந்து இரண்டாவது ஓங்கும். ஒரு கட்டத்தில் முளை வெளியே வரும். கடையில் கிடைக்கும் ஜிபரெல்லின் மருந்தில் ஊறவைத்தால் வேலை முடியாதா என்று கேட்பீர்கள். சில விதை முளைக்கும். ஆனால் அளவு கொஞ்சம் கூடினால் நாற்று வெளிறி, நெட்டையாக, நிற்க வலுவில்லாமல் வரும். அறிகுறியைச் சரியாகக் கொடுத்தால் மருந்துக்கு அவசியமே வராது என்பது என் கருத்து.

சுருக்கமாக: முளைக்காத கோரை விதை செத்த விதை என்று முடிவு கட்ட வேண்டாம். ஈரம், வெளிச்சம், வெப்ப ஏற்ற இறக்கம் மூன்றும் சேர்ந்து வந்ததா என்று முதலில் பாருங்கள்.

வெந்நீர் ஏன் வேண்டாம், ஃப்ரிட்ஜ் ஏன் வேண்டாம்

சவுண்டல் விதையையும் வேலி மர விதைகள் சிலவற்றையும் வெந்நீரில் போட்டு எடுப்பது நல்ல வழக்கம். அந்த விதைகளின் தோல் கல்லாக இறுகியிருக்கும், தண்ணீரே உள்ளே போகாது. சூடு அந்தத் தோலில் வழி திறக்கிறது. கோரை விதைக்கு இப்படிப்பட்ட பூட்டு கிடையாது. தண்ணீர் தாராளமாக உள்ளே போகும். தடை கருவுக்குள் இருக்கும்போது தோலை வேகவைத்து என்ன பயன்? அந்த ஒரு மில்லிமீட்டர் விதைக்குள் இருக்கும் உயிர்தான் போகும்.

ஃப்ரிட்ஜ் யோசனை வந்தது குளிர்நாடுகளிலிருந்து. அங்கே ஆடி மாதக் கடைசியில் உதிரும் விதை, பனிக்காலம் முழுக்க ஈரமான குளிர் மண்ணில் கிடந்து, வசந்தத்தில் முளைக்கும். குளிர் வருவதற்கு முன்பே முளைத்துவிட்டால் நாற்று செத்துவிடும். ஆகவே ‘குளிர் வந்து போய்விட்டதா’ என்பது அந்த விதை கேட்கும் முக்கியமான கேள்வி. அந்த ஊர் நர்சரிக்காரர்கள் ஈர மணலில் விதையைக் கலந்து, 1 முதல் 5 டிகிரி குளிரில் பல வாரம் வைப்பது இதற்காக. அந்தச் செடிகளுக்கு அது மிகச் சரியான வேலை.

காவேரிப்பாக்கம் ஏரியில் உதிர்ந்த விதை தன் பரம்பரையிலேயே 5 டிகிரியைப் பார்த்ததில்லை. அது கடந்து வர வேண்டிய கஷ்டகாலம் நம் பங்குனி, சித்திரை, வைகாசி. வறண்ட சூட்டில் சில மாதம் கிடக்கும்போது அதற்குள் அந்தத் தடை மெல்ல மெல்லத் தளர்கிறது. இதை உலர் முதிர்வு என்கிறார்கள். நம்மூர் விதைக்கு நாம் செய்ய வேண்டிய நேர்த்தி இவ்வளவுதான்: நன்றாகக் காய்ந்த விதையைத் துணிப்பையிலோ காகித உறையிலோ போட்டு, நேர் வெயில் படாத, காற்றோட்டமான, ஈரம் ஏறாத இடத்தில் கோடை முடியும்வரை தொங்கவிடுங்கள். எல்லா இனத்துக்கும் இது ஒரே அளவில் தேவைப்படாது. சில கோரைகள் பறித்த கையோடு முளைக்கும். புதிதாக ஓர் இனத்தை எடுத்தால் பாதியை உடனே விதைத்து, பாதியைக் கோடை தாண்டி விதைத்துப் பார்ப்பது நல்லது.

வெளிச்சம்: விதை மேலே பார்க்கிறது

கோரை விதையில் சேமிப்பு உணவு மிகக் குறைவு. இரண்டு விரற்கடை ஆழத்தில் புதைந்து முளைத்தால், மேலே வருவதற்குள் உணவு தீர்ந்துவிடும். அதனால் ‘நான் மண் மேல் இருக்கிறேனா’ என்று உறுதி செய்துகொண்டுதான் முளைக்கும். அந்த உறுதியைத் தருவது வெளிச்சம்.

வெளிச்சத்தை உணர்வது பைட்டோகுரோம் என்ற நிறமி. 1952-ல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆராய்ச்சி மையத்தில் லெட்யூஸ் கீரை விதையை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிவப்பு ஒளி காட்டினால் விதை முளைத்தது. அதைத் தொடர்ந்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத தொலைசிவப்பு ஒளி காட்டினால் முளைப்பு நின்றது. மாற்றி மாற்றிக் காட்டியபோது, கடைசியாக எந்த ஒளி பட்டதோ அதன்படி விதை நடந்துகொண்டது. அதாவது அந்த நிறமி இரு பக்கமும் திரும்பக்கூடிய ஒரு சுவிட்சு.

கோரைக்கும் நாற்றங்காலுக்கும் இதனால் என்ன? பச்சை இலை, சூரிய ஒளியில் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விட்டுவிடும். ஆகவே அடர்ந்த செடிக்கூட்டத்துக்குக் கீழே கிடக்கும் விதைக்கு வெளிச்சம் கிடைத்தாலும், அது தப்பான வெளிச்சம். ‘மேலே ஏற்கெனவே ஆள் இருக்கிறது, இடமில்லை’ என்று சுவிட்சு மூடிக்கொள்ளும்.

நம் ஊரில் நாற்றுத்தட்டை வேப்பமரத்தடியிலோ புளியமரத்தடியிலோ வைப்பது வழக்கம். கத்தரி, மிளகாய்க்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. கோரைத் தட்டை மட்டும் மரநிழலில் வைக்காதீர்கள். கறுப்பு நிழல்வலையின் நிழல் வேறு மாதிரி. அது எல்லா நிற ஒளியையும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் குறைக்கும், சிவப்பை மட்டும் தனியாகத் திருடாது. வெயிலைக் குறைக்க வேண்டுமென்றால் வலை கட்டுங்கள், மரத்தைத் தேடாதீர்கள்.

வெப்ப ஏற்ற இறக்கம்: விதை தண்ணீரின் ஆழத்தை அளக்கிறது

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. ஏரி நிறைந்திருக்கும்போது அடிச்சேற்றின் வெப்பம் பகலிலும் இரவிலும் அதிகம் மாறாது. மேலே நிற்கும் தண்ணீர் சூட்டையும் குளிரையும் வாங்கிக்கொள்கிறது. தை, மாசியில் தண்ணீர் பின்வாங்கிச் சேறு வெளியே தெரிந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. பகல் வெயிலில் சேற்றின் மேல்பரப்பு சுடும், இரவில் குளிர்ந்துவிடும். சேற்றின் மேல் கிடக்கும் விதைக்கு இந்த ஏற்ற இறக்கம்தான் ‘தண்ணீர் வடிந்துவிட்டது, கிளம்பலாம்’ என்ற செய்தி. ஈரத்தை மட்டும் நம்பினால் நான்கடித் தண்ணீருக்கு அடியில் முளைத்து வீணாகும். கண்ணும் காதும் இல்லாத ஒரு மணி விதை இப்படி நீர்மட்டத்தை அளப்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பு தீரவில்லை.

செடிக்கூட்டம் அடர்ந்த இடத்திலும் இதே கதை, நிழல் வெப்ப வித்தியாசத்தைக் குறைத்துவிடும். ஒளியும் வெப்பமும் ஒரே கேள்வியைத்தான் இரண்டு விதமாகக் கேட்கின்றன: எனக்கு முன்னால் வெற்றிடம் இருக்கிறதா?

இப்போது பசுமைக்குடிலுக்கு வருவோம். குளிர்நாட்டில் கண்ணாடிக் குடில் கட்டுவது உள்ளே சூட்டைப் பிடித்து வைக்க. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் அந்தத் தேவை நமக்கு என்ன இருக்கிறது? மூடிய பாலித்தீன் குடிலின் உள்ளே வெளியைவிடச் சூடாகவே இருக்கும். மேல்பரப்பு ஈரம் மதியத்துக்குள் காயும், பூசணமும் சேரும். நம் குடிலுக்கு மூன்று வேலைகள் போதும்: அடிமழை விதையை அடித்துக்கொண்டு போகாமல் தடுப்பது, மதிய வெயிலைப் பாதியாகக் குறைப்பது, பறவையும் ஆடும் வராமல் பார்த்துக்கொள்வது. மேலே மழையைத் தடுக்க ஒரு தெளிவான ஷீட், அதன் மேல் 50 சதவீத நிழல்வலை, நான்கு பக்கமும் காற்றுப் போகத் திறப்பு. இரவுக்குளிர் உள்ளே வரட்டும். பகலும் இரவும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று பாடுபட்டு மூடி வைத்தால், விதைக்கு வேண்டிய செய்தியையே மறைத்ததாகிவிடும்.

சுருக்கமாக: குடிலை ஏரியின் வடிந்த ஓரமாக நினைத்து அமையுங்கள். ஈரம் தொடர்ந்து இருக்க வேண்டும், மேலே தண்ணீர் நிற்கக் கூடாது, வானம் தெரிய வேண்டும், இரவும் பகலும் வேறுபட வேண்டும்.

விதை எடுப்பது

மழை முடிந்து ஏரி குறையத் தொடங்கும் தை, மாசியில் கதிரைக் கவனியுங்கள். பச்சைக் கதிரில் எடுத்தால் பதர்தான் கிடைக்கும். கதிர் பழுப்பேறி, உள்ளங்கையை அடியில் விரித்துக் கதிரை மெல்ல நீவினால் மணிகள் தானே விழ வேண்டும். நீவியும் விழாதவற்றைப் பிடுங்காதீர்கள். ஒரே இடத்தில் மொத்தமாக உருவாமல், பல இடங்களில், பல தூர்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். மேலே சொன்ன வேறுபாடு இப்படித்தான் உங்கள் பைக்குள் வரும்.

நாம் விதை என்று சொல்வது உண்மையில் ஒரே விதை கொண்ட ஒரு குட்டிக் காய். லென்ஸில் பார்த்தால் பல இனங்களில் அதுவும் முப்பட்டையாக இருக்கும். தரம் பார்க்கச் சில மணிகளை நகத்தால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே வெள்ளை மாவு தெரிந்தால் நிறைந்த விதை, தூசியாக நொறுங்கினால் பதர். நெல் விதையை உப்புக் கரைசலில் போட்டு மிதப்பதைக் கழிக்கிறோமே, அந்தச் சோதனையை இங்கே செய்யாதீர்கள். தண்ணீர் வழியே பரவ வேண்டிய பல கோரைகளின் விதை, நல்ல விதையாக இருந்தும் மிதக்கும். மேலே ஒட்டிய உமியில் காற்று தங்குவதும் உண்டு. மிதப்பதைக் கொட்டினால் நல்லதையே கொட்டுவீர்கள்.

உறையின் மேல் இனம், ஏரியின் பெயர், தேதி மூன்றையும் எழுதுங்கள். ஏரியின் பெயர் முக்கியம். எந்த ஏரியில் எடுத்தோமோ அந்த ஏரிக்கும் அக்கம்பக்கத்து ஏரிகளுக்குமே நாற்றுப் போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

தட்டில் விதைப்பது

ஆடிக் கடைசியிலிருந்து ஆவணிக்குள் விதைக்கலாம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது கோரைக்கும் பொருந்துகிறது. அப்போது நம் பக்கம் இரவுக்கும் பகலுக்கும் வெப்பம் நன்றாகவே வேறுபடும், கோடையின் கொடுமையும் தணிந்திருக்கும்.

அடி ஓட்டையுள்ள, ஆழம் குறைந்த தட்டு எடுங்கள். நன்றாகக் கழுவி உப்பு போக்கிய தேங்காய் நார்த்தூளும் ஆற்று மணலும் சம அளவு போதும். முளைக்கும் கட்டத்தில் எருவே வேண்டாம். எருவில் பாசி கொழிக்கும், விதை எதுவும் அதிலிருந்து சாப்பிடப் போவதில்லை. கலவையை நனைத்து, கையால் மெல்ல அழுத்திச் சமப்படுத்துங்கள். கேழ்வரகு நாற்று விடுகிறவர்களுக்குத் தெரியும், சின்ன விதையைத் தனியாகத் தூவினால் ஓரிடத்தில் குவியும். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு உலர் மணல் கலந்து தூவுங்கள். தூவிய பிறகு ஒரு பலகையால் அழுத்தி விதை ஈரத்தோடு ஒட்டும்படி செய்யுங்கள். மேலே மண் மூடாதீர்கள். பழக்கத்தில் கை போய்விடும், ஒரு பிடி மண்ணைத் தூவத் தோன்றும். இவ்வளவு நேரம் சொன்ன வெளிச்சக் கணக்கு அந்த ஒரு பிடி மண்ணில் கெட்டுவிடும்.

பூவாளியால் மேலிருந்து ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஒதுங்கும். தட்டை அரை அங்குலத் தண்ணீர் உள்ள தொட்டியில் வையுங்கள், ஈரம் அடியிலிருந்து ஏறட்டும். மேல்பரப்பு எப்போதும் ஈரத்தில் மினுங்க வேண்டும், குளமாகக் கூடாது. கொசு முட்டையிடாமல் இருக்கத் தொட்டித் தண்ணீரை வாரம் இருமுறை மாற்றிவிடுங்கள்.

பக்கத்தில் இன்னொரு தட்டில் இதே கலவையை நிரப்பி, விதை போடாமல், இதே தண்ணீரில் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து அதில் ஏதாவது பச்சை முளைத்தால், அது கலவையில் வந்த களை. அதே முகம் விதைத் தட்டிலும் தெரிந்தால் பிடுங்கிவிடலாம். தொடக்கக்காரர்கள் புல் நாற்றைக் கோரை என்று நம்பி ஆசையாக வளர்ப்பதை இந்த வெறுந்தட்டு தடுக்கும்.

முளைத்த பிறகு

முதலில் வருவது மயிரிழை தடிமனில் ஒரு பச்சை. கண்ணை இடுக்கித்தான் பார்க்க வேண்டும். சில நாளில் அடியில் வெள்ளையாகப் பூனைமயிர் தெரியும். பூசணம் என்று பயந்து மருந்து தெளித்துவிடாதீர்கள், பெரும்பாலும் அது இளவேரின் தூவிகள். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தூவி அந்த முளையின் அடியிலேயே படிந்து நிற்கும். பூசணமாக இருந்தால் இழை முளையை விட்டுக் கலவை மேலும் வலை பின்னிப் பரவும். அப்படிப் பரவினால் தண்ணீரைக் குறைத்துக் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள்.

மூன்று இலை வந்ததும் மேலிருந்து பாருங்கள். புல்லில் இலைகள் இரண்டு பக்கமாக மட்டும் மாறி மாறி வரும். கோரையில் மூன்று திசைக்கும் விலகி வரும். அப்போது இனி சந்தேகமில்லை. இந்த வயதில் ஒற்றை ஒற்றையாகப் பிரித்து நடப் பார்த்தால் பாதி அறுந்துபோகும். நாலைந்து நாற்றாகச் சின்னக் கொத்தாக, அடிமண்ணோடு ஸ்பூனால் எடுத்துக் குழித்தட்டுக்கு மாற்றுங்கள். இந்தக் கட்டத்தில் சலித்த வண்டல், மணல், மக்கிய தொழு உரம் சேர்க்கலாம். விதைத்த தட்டை அப்படியே ஈரமாக விட்டு வையுங்கள். தாமதமாக முளைப்பவை இன்னும் உள்ளே இருக்கும்.

ஏரிக்கு எப்போது, எங்கே

ஆவணியில் விதைத்தது தை வாக்கில் ஒரு சாண் உயரத்தைத் தாண்டி, தூர் கட்டி, குழித்தட்டு முழுக்க வேர் நிறைந்திருக்க வேண்டும். நடுவதற்கு முன் மூன்று வாரம் வலையை விலக்கி முழு வெயிலில் வைத்துப் பழக்குங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் நட அவசரப்படாதீர்கள். ஏரி நிறையும்போது இளநாற்று மூழ்கினால் அந்தக் காற்றறைகளுக்குக் காற்று கிடைக்காது, அழுகிவிடும். தண்ணீர் இறங்கத் தொடங்கிய பிறகு, அதன் விளிம்பை ஒட்டி, வேர் சேற்றிலும் இலைநுனி காற்றிலும் இருக்கும்படி நடுங்கள். அடுத்த வாரம் விளிம்பு இன்னும் உள்ளே போயிருக்கும், அங்கே அடுத்த வரிசை. இப்படித் தண்ணீரின் பின்னாலேயே நட்டுக்கொண்டு போனால் தனியாகத் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும். அடுத்த மழைக்குள் வேரடித் தண்டு ஓடிவிட்டால் மூழ்கினாலும் மீண்டு வரும்.

மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய் வாய் ஆகிய இடங்களை விட்டுவிடுங்கள். அங்கே கோரை அடர்ந்தால் நீரோட்டம் தடைபடும், விவசாயிகளின் கோபம் நியாயமாகவே உங்கள் மேல் திரும்பும். நீர்வளத்துறையோ ஊராட்சியோ, ஏரி யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் முன்பே அனுமதி வாங்குங்கள். ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மூடிய இடத்தில் முதலில் அவற்றை எடுத்துவிட்டு நடுங்கள். அந்த அடர்ந்த இலைக்கூரையின் கீழ் உங்கள் நாற்று பிழைக்காது, சேற்றில் ஏற்கெனவே காத்திருக்கும் விதையும் எழாது. இலைக்கூரை விலகி வெயில் சேற்றைத் தொட்டதும், நீங்கள் நடாத கோரையும் தானாக முளைத்து வருவதைச் சில இடங்களில் பார்க்கலாம். அப்படி வரும் இடத்தில் நாற்றைச் செலவழிக்க வேண்டாம், ஆடு மாடு மேயாமல் ஒரு முள்வேலி போட்டு, மிச்ச நாற்றை அடுத்த ஏரிக்கு எடுத்துப் போங்கள்.